மரண வாக்குமூலமும் விதைத் தானியமும்

நல்லாம்பட்டிப் பக்கத்துப் பூட்டுப் பட்டறை ஒன்றின் வாசலில் சிறிது நேரம் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மனத்தில் தங்கியிருக்கும். திறக்க மறுக்கும் பழைய பூட்டு ஒன்றை யாரேனும் கொண்டுவந்து கொடுத்தால், அதை வாங்குகிற ஆசாரி, இரண்டு தட்டுத் தட்டி, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, திறந்துகொண்டதும் கையில் திணித்து அனுப்பிவிடுவதில்லை. ஆணிகளைக் கழற்றி, மேல்தகட்டை எடுத்து, உள்ளே அடுக்கியிருக்கும் லீவர்களை ஒவ்வொன்றாக விரல் நுனியால் தூக்கிப் பார்த்து, எது தேய்ந்தது, எது வளைந்தது, எந்த வில் தளர்ந்தது என்று கண்டு சொன்ன பிறகுதான் அரத்தைக் கையில் எடுக்கிறார். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமைக்கு உரியது இரும்பு மட்டும் அல்ல, காரணம் தெரியாமல் வேலையை முடிக்க மாட்டேன் என்கிற அந்தக் கைகளின் சுபாவமும்தான் என்பது என் அபிப்பிராயம்.

சென்ற கோடையில் இதே திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக நான் காத்திருந்தேன். முப்பது நாற்பது பேருடைய விண்ணப்பங்களைச் சுமந்துகொண்டிருந்த கணினி திடீரென்று நின்றுபோயிற்று. வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்த ஒரு மூதாட்டி என் அருகில் உட்கார்ந்திருந்தார். பொறுப்பிலிருந்த இளைஞர் பொத்தானை அழுத்தி யந்திரத்தை அணைத்தார், மறுபடி எழுப்பினார், கால்மணி நேரத்தில் வேலை தொடர்ந்தது. "ஏன் தம்பி நின்னுச்சு?" என்று கேட்டேன். "தெரியலைங்கய்யா. அப்பப்ப இப்படித்தான் நிக்கும். ரீஸ்டார்ட் பண்ணினா வந்துரும்" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு. மூதாட்டியின் முறை வருவதற்குள் யந்திரம் இன்னொரு தடவை நின்றது. அன்று அவர் சான்றிதழ் இல்லாமலே ஊர் திரும்பினார்.

அந்த இளைஞர்மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. தெரியவில்லை என்று அவர் சொன்னது முழு உண்மை. தெரிந்துகொள்ள அவருக்கு வழியே வைக்கப்படவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். பொத்தானை அவர் அழுத்திய அந்தக் கணத்திலேயே, யந்திரம் ஏன் விழுந்தது என்பதற்கான சாட்சியம் அத்தனையும் அழிந்துபோய்விட்டது. அந்தச் சாட்சியத்தை அழியாமல் எடுத்து வைப்பதற்கு ஒரு நல்ல முறை இருபது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டு, விலையில்லாமல் உலகுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததில் நம்முடைய பக்கத்து நகரமாகிய பெங்களூருவின் பொறியாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அப்படியிருந்தும் நம் ஊர்களின் பொதுக் காரியங்களைச் சுமக்கும் யந்திரங்களில் அதைப் பொருட்படுத்துவார் இல்லை.

விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கணினியின் திரையில் நாம் காண்கிற செயலிகளுக்கெல்லாம் அடியில், இயங்குதளத்தின் உட்கருவாக, கெர்னல் என்ற ஒரு நிரல் இருக்கிறது. நினைவகத்தை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதும், வட்டில் எழுதுவதும், வலையமைப்பு அட்டையோடும் விசைப்பலகையோடும் பேசுவதும் அதன் பொறுப்பு. ஒரு செயலி பிழை செய்தால் கெர்னல் அதை மட்டும் முடித்துவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். கெர்னலே பிழை செய்துவிட்டாலோ, அதற்கு மேலே நின்று அதைக் காப்பாற்ற யாரும் இல்லை. தன்னுடைய கணக்கேடுகளில் ஒன்று பொய்யாகிவிட்டது என்று கண்டுகொண்ட கெர்னல், அந்தப் பொய்க் கணக்கை நம்பி வட்டிலுள்ள நல்ல தரவையும் பாழாக்கிவிடக் கூடாது என்பதற்காகத் தானாகவே நின்றுவிடுகிறது. லினக்ஸ் உலகத்தார் இதைப் பேனிக் என்பார்கள்; விண்டோஸ் உபயோகிப்பவர்கள் இதை நீலத்திரை என்று அறிவார்கள். அந்த நேரத்தில் எந்தப் பணி ஓடிக்கொண்டிருந்தது, எந்த முகவரியைத் தேடிப் போய் இல்லாத இடத்தில் கால் வைத்தது, எந்தப் பூட்டை எவர் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் ராம் என்கிற நினைவகத்தில் அப்படியே உறைந்து கிடக்கும். (கெர்னலுக்குள்ளும் பூட்டுகள் உண்டு. இரண்டு பேர் ஆளுக்கொரு பூட்டை வசப்படுத்திக்கொண்டு, மற்றவருடைய பூட்டு திறக்கட்டும் என்று முடிவில்லாமல் காத்திருப்பது கெர்னல்கள் உறைந்து நிற்பதற்கான பழைய காரணங்களில் ஒன்று. பூட்டூர்க்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம்.)

அப்படி உறைந்து கிடக்கும் நினைவகத்தைப் பிரதி எடுத்து வட்டில் வைப்பதைத்தான் தொழிலில் இருப்பவர்கள் டம்ப் எடுப்பது என்கிறார்கள். 'கோர் டம்ப்' என்ற முழுப்பெயரில் உள்ள கோர் என்பது, ஒரு காலத்தில் நினைவகமாக இருந்த சின்னஞ்சிறு காந்த வளையங்களைக் குறிப்பது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கி 1960-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த டிஃப்ராக் கணினிக்கு அத்தகைய வளைய நினைவகம்தான் இருந்தது. அந்தப் பணியை முன்னின்று நடத்திய ரங்கசாமி நரசிம்மன் சென்னையில் பிறந்தவர். 40 பிட் அளவுள்ள 2048 சொற்கள், இன்றைய கணக்கில் 10 கிலோபைட், அதன் நினைவு முழுவதும் அவ்வளவே. ஆனால் காந்த வளையத்துக்கு ஒரு மேன்மை உண்டு: மின்சாரம் போனாலும் அது தான் பிடித்ததை மறப்பதில்லை. இன்றைய நினைவகமோ பல லட்சம் மடங்கு பெரியது. மின்சாரம் நின்றால் மறந்துவிடுவது. மின்சாரம் நிற்காமல் மறுதுவக்கம் மட்டும் செய்தாலும், எழுந்து வருகிற புதிய கெர்னல் பழையதன்மேல் எழுதிக்கொண்டே வரும். ஆகவே விழுந்ததற்கும் எழுந்ததற்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய நேரத்தில் யாரேனும் அதைப் பிரதி எடுத்தால்தான் உண்டு.

யார் எடுப்பது? சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நம்முடைய நீதிமன்றங்களில் மரண வாக்குமூலத்துக்கு உள்ள மதிப்பு வாசகர்கள் அறிந்தது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32-ஆம் பிரிவில் இருந்த அந்த ஏற்பாடு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 26-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அந்த வாக்குமூலத்தை உயிருக்குப் போராடுகிறவரையே எழுதச் சொல்வதில்லை. மாஜிஸ்திரேட் ஒருவர் படுக்கையண்டை வந்து கேட்டு எழுதுகிறார். சொல்பவர் தெளிவோடு இருக்கிறார் என்று வழக்கமாக ஒரு மருத்துவரும் கையொப்பமிடுகிறார். எழுதுகிற கை திடமாகவும், சம்பவத்தில் சம்பந்தப்படாததாகவும் இருக்க வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

தொடக்க காலத்து டம்ப் முறைகளில் பல இந்தத் தத்துவத்துக்கு விரோதமாக அமைந்திருந்தன. விழுந்த கெர்னலே தன் கடைசி மூச்சில் தன் நினைவை வட்டில் எழுத வேண்டும் என்று அவை எதிர்பார்த்தன. எந்தக் கணக்கேடு பொய்யாகிவிட்டது என்று பயந்து அது நின்றதோ, அதே கணக்கேட்டை நம்பி, எந்த வட்டு இயக்கி குழம்பிவிட்டதோ, அதே இயக்கியைக் கொண்டு எழுதவேண்டிய நிலை. பல வேளைகளில் எழுத்து பாதியில் நின்றது. நல்ல தரவு இருந்த இடத்தில் குப்பையை எழுதிவிடும் அபாயமும் இருந்தது. விண்டோஸ் இந்த அபாயத்தைக் குறைப்பதற்கு வேறொரு உபாயத்தைக் கையாண்டது: வட்டில் முன்னரே ஒதுக்கப்பட்டிருக்கும் பேஜ்ஃபைல் என்ற இடத்தில், அதற்கென்றே தனியாக வைத்துள்ள சிறிய இயக்கியைக் கொண்டு நினைவைக் கொட்டிவைத்து, மறுபடி எழுந்த பிறகு அதை ஒரு கோப்பாக எடுத்துக்கொள்வது. அதுவும் ஒரு விவேகமான ஏற்பாடுதான். ஆனால் எழுதுகிற கை மட்டும் அங்கே மாறவில்லை.

அந்தக் கையை மாற்றியவர்கள்தான் லினக்ஸின் கேடம்ப் என்ற முறையை ஆக்கியவர்கள். 2005 ஜூலையில் கனடா நாட்டு ஆட்டவா நகரில் கூடிய லினக்ஸ் மாநாட்டில் இதைப்பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. அதை எழுதிய மூவரில் விவேக் கோயல், ஹரிபிரசாத் நெல்லித்தீர்த்தா இருவரும் பெங்களூருவில் ஐபிஎம் நிறுவனத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றியவர்கள். மூன்றாமவர் எரிக் பீடர்மன் என்ற அமெரிக்கர். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கெர்னல், யந்திரத்தை அணைக்காமலே, வன்பொருளின் துவக்கச் சடங்குகளையெல்லாம் தாண்டி, இன்னொரு கெர்னலுக்கு நேரே தாவுவதற்கான கெக்ஸெக் என்ற வழியை அமைத்தவர் அவர். அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த 2.6.13 பதிப்பில் கெக்ஸெக்கும் கேடம்பும் லினக்ஸில் சேர்ந்தன. திண்டுக்கல்லிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத் தொலைவில் இருந்துகொண்டு உலகம் முழுவதும் உபயோகிக்கிற ஒரு முறைக்கு உருக்கொடுத்த அவர்களுடைய பெயர்கள் நம் பாடப்புத்தகங்களில் இல்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

அவர்கள் செய்தது இதுதான். யந்திரம் எழும்போதே நினைவகத்தில் ஒரு துண்டை அடைத்து ஒதுக்கிவிடுவது. அந்த ஒதுக்கிடத்தில் இரண்டாவது கெர்னல் ஒன்றை முன்கூட்டியே ஏற்றி உறங்க வைப்பது. முதல் கெர்னல் தன் வாழ்நாள் முழுவதும் அந்த இடத்தைத் தனக்கென்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது, வேறொருவருக்கும் கொடுக்கக் கூடாது. அது விழுகிற கணத்தில் கட்டுப்பாடு நேரே இரண்டாவது கெர்னலுக்குத் தாவுகிறது. ஒதுக்கிடத்துக்குள்ளேயே கண்விழித்து, அதற்குள்ளேயே தன் காரியங்களை நடத்திக்கொண்டு, வெளியே கிடக்கும் பழைய நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பைப்போலப் படித்து, புதிதாகத் தொடங்கிய தன் சொந்த இயக்கிகளைக் கொண்டு வட்டிலோ வேறொரு யந்திரத்திலோ எழுதிவைத்துவிட்டு, அதன் பிறகே யந்திரத்தை முறைப்படி மறுபடி துவக்குகிறது. படுக்கையண்டை மாஜிஸ்திரேட் வந்துவிட்டார்.

ஒதுக்கிடம் ஏன் அவ்வளவு கண்டிப்பாகத் தீண்டப்படாமல் இருக்க வேண்டும் என்பதில்தான் இந்த வித்தையின் நுட்பம் இருக்கிறது. வலையமைப்பு அட்டை, வட்டு முதலிய சாதனங்கள், கெர்னல் ஒருமுறை இடம் காட்டிவிட்டால், அதற்குப் பிறகு யாரையும் கேட்காமல் நேரே நினைவகத்தில் எழுதுகிற சுதந்திரம் உடையவை. கெர்னல் விழுந்துவிட்டது என்ற சேதி அவற்றுக்குத் தெரியாது. இறந்துபோனவருடைய வீட்டுக்கு அவர் பெயருக்குத் தபால் வந்துகொண்டே இருப்பதைப்போல, அந்த அட்டை தனக்குச் சொல்லப்பட்ட முகவரிகளில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். இரண்டாவது கெர்னல் அந்த முகவரிகளில் ஒன்றில் குடியிருந்தால் அதன் உடம்பிலேயே அந்த எழுத்து விழும். எந்தச் சாதனத்துக்கும் என்றைக்குமே காட்டப்படாத இடத்தில் அது குடியிருப்பதால்தான் தப்புகிறது. எக்ஸ்86 வகை யந்திரங்களில் இன்னொரு சங்கடமும் இருந்தது: துவக்கத்தின்போது நினைவகத்தின் முதல் 640 கிலோபைட்டை எப்படியும் தொட்டாக வேண்டும். அந்தப் பகுதியின் பழைய உள்ளடக்கத்தை முதலில் ஒதுக்கிடத்துக்குள் நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதன் பிறகு தொடுவது என்று அதற்கும் வழி செய்தார்கள். இறந்தவருடைய சட்டைப்பைக் காகிதத்தைக்கூட இடம் மாற்றுவதற்கு முன் குறித்துவைத்துக்கொள்ளும் இந்த ஜாக்கிரதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு உயர்கிறது.

இனி, இதை எதிர்ப்பவர்களுடைய வாதத்துக்கு வருகிறேன். என்றோ ஒரு நாள் விழப்போவதற்காக, விலை கொடுத்து வாங்கிய நினைவகத்தில் ஒரு பங்கைத் தினமும் சும்மா பூட்டி வைப்பதா, அது வீண் அல்லவா என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, யந்திரத்தை அமைக்கிற அன்றே அந்த ஒதுக்கீட்டை நீக்கிவிடுகிறார்கள். இந்த வாதத்தை நம்முடைய மானாவாரி விவசாயியிடம் போய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கங்களில் மழையை நம்பிச் சோளமும் நிலக்கடலையும் விதைத்தவர்கள், அறுவடையான அன்றே விதைக்கு வேண்டியதை எடுத்து, வேப்பிலையோ சாம்பலோ கலந்து, தனிக் குலுக்கையில் போட்டு வாயை மெழுகிவிடுவார்கள். ஆவணியில் பஞ்சம் வந்து பிள்ளைகள் பசித்திருந்தாலும் அந்த மெழுகை உடைக்கத் தாய்க்குக் கை வராது. விதையைத் தின்ற குடும்பம் என்ற வார்த்தை எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய வசை என்பதை இங்கே பிறந்தவர்கள் அறிவார்கள்.

அந்த ஒதுக்கீடுதான் எவ்வளவு? ரெட் ஹாட் நிறுவனத்தார் தங்களுடைய ஒன்பதாவது பதிப்பில் எக்ஸ்86 யந்திரங்களுக்கு வைத்திருக்கும் இயல்பான கணக்கு, 4 முதல் 64 ஜிகாபைட் வரை நினைவகம் உள்ளவற்றுக்கு 256 மெகாபைட், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 512 மெகாபைட். ஒரு சாதாரண அலுவலக சர்வருக்கு 32 ஜிகாபைட் இருக்குமானால் ஒதுக்குவது 128-இல் ஒரு பங்கு. 128 படி சோளத்தில் ஒரு படியை எடுத்துவைக்க மறுக்கிற சிக்கனத்தை நான் சிக்கனம் என்று ஒப்ப மாட்டேன்.

ஆனால் சின்ன யந்திரங்களின் விஷயத்தில் எதிர்வாதத்துக்கு நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2 ஜிகாபைட் மட்டுமே உள்ள ஒரு பெட்டியில் அதே கணக்கின்படி 192 மெகாபைட்டை ஒதுக்கினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்விடும். அது கனமான விதைதான். அதைவிட மோசமான காரியம், இருக்கட்டும் என்று 50, 60 மெகாபைட்டை மட்டும் ஒதுக்குவது. அவ்வளவு நெருக்கடியான இடத்தில் கண்விழிக்கிற இரண்டாவது கெர்னல், எழுதுவதற்கு முன்பே நினைவகம் போதாமல் தானும் விழுந்துவிடும். ஒதுக்கியதும் வீண், எழுதியதும் இல்லை. சின்னப் பெட்டிகளுக்கு, முழு நினைவையும் எடுக்காமல், கெர்னல் கடைசியாகச் சொன்ன சில வரிகளை மட்டும் சில நூறு கிலோபைட் இடத்தில் பத்திரப்படுத்தி, மறுதுவக்கத்துக்குப் பின் எடுத்துத் தருகிற ராமூப்ஸ் என்ற ஏற்பாடு இருக்கிறது. முழு வாக்குமூலம் கிடைக்காவிட்டாலும் கடைசி வார்த்தையாவது கிடைக்கும்.

பெரிய யந்திரங்களிலும் இந்த ஒதுக்கீட்டைச் சும்மா கிடக்கவிடாமல் பயன்படுத்தும் முயற்சிகள் நடந்துகொண்டிருக்கின்றன. ஐபிஎம்மின் பவர் வகை யந்திரங்களில், நினைவகத்தைக் காப்பாற்றும் பொறுப்பை வன்பொருளோடு கூடிய ஃபர்ம்வேரிடமே ஒப்படைக்கிற முறை ஒன்று 2012-இல் லினக்ஸில் சேர்ந்தது; அதிலும் மகேஷ் சால்கோங்கர் முதலிய இந்தியப் பொறியாளர்களின் கை இருக்கிறது. அண்மையில் வந்த இன்னொரு முறையில், ஒதுக்கிடத்தின் ஒரு பகுதியை நல்ல காலத்தில் சாதாரணச் செயலிகளுக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டு, கெர்னல் விழும்போது பறித்துக்கொள்கிறார்கள். செயலிகளுடைய தரவு டம்ப்பில் எப்படியும் வேண்டப்படாதது. ஆகவே அதன்மேல் எழுதினாலும் சாட்சியத்துக்குப் பழுது இல்லை. சாதனங்களின் தாமதமான எழுத்து முடியட்டும் என்று சில விநாடிகள் காத்திருந்துவிட்டு இரண்டாவது கெர்னலை எழுப்புகிறார்கள். விதையைத் தின்பதற்கும், விதை இருக்கும் குலுக்கையின்மேல் துணி காயப்போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

டம்ப்பின் அளவும் அதில் அடங்கியிருக்கும் இரகசியமும் தனியாகப் பேச வேண்டியவை. 64 ஜிகாபைட் நினைவகத்தை முழுதாக எழுதினால் 64 ஜிகாபைட் கோப்பு ஆகும். நேரமும் இடமும் அவ்வளவுக்கு இராது. ஜப்பானிய என்இசி நிறுவனத்தில் பிறந்த மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி, நினைவகத்தை 4096 பைட் கொண்ட பக்கங்களாகப் பார்த்து, வெறும் பூஜ்யம் நிரம்பியவை, வட்டிலிருந்து வந்த தற்காலிக நகல்கள் இரண்டு வகை, செயலிகளின் சொந்தத் தரவு, யாருக்கும் கொடுக்கப்படாதவை என்ற ஐந்து வகைகளையும் நீக்கிவிடும். அவற்றுக்குரிய 1, 2, 4, 8, 16 என்ற எண்களைக் கூட்டி 31 என்று கொடுத்தால் கெர்னலுக்குரியது மட்டும் மிஞ்சும். கோப்பு மிகவும் சிறுத்துவிடுகிறது என்பது ஒரு லாபம். மனிதர்களுடைய தரவு பெரும்பாலும் வெளியே நின்றுவிடுகிறது என்பது அதைவிடப் பெரிய லாபம்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன், முழுவதும் அல்ல. கெர்னலின் கையிலேயே குறியாக்கச் சாவிகள் இருக்கும், வலையமைப்பில் போய்வந்துகொண்டிருந்த செய்திகளின் துணுக்குகள் இருக்கும். 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு விளக்கம் கொடுத்தது: அமெரிக்க அரசு அலுவலகங்களின் மின்னஞ்சலைத் திருடியவர்களுக்குத் தங்களுடைய கையொப்பச் சாவி கிடைத்த வழி, 2021 ஏப்ரலில் விழுந்த ஒரு யந்திரத்தின் டம்ப்பாக இருக்கக்கூடும் என்று. 2024 மார்ச்சில், அப்படிச் சாவி அடங்கிய டம்ப் எதையும் தாங்கள் காணவில்லை என்று அந்த விளக்கத்தையே திருத்திக்கொண்டது. திருத்தம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு டம்ப் கோப்பின் வழியாகச் சாவி வெளியேறக்கூடும் என்பது, அவ்வளவு பெரிய நிறுவனம் ஆராய்ந்து நம்பத்தக்கதாகக் கருதிய சாத்தியம். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வந்திருக்கும் இந்நாளில், ஒரு மருத்துவமனை சர்வரின் டம்ப்பை யார் வேண்டுமானாலும் பென்டிரைவில் எடுத்துப்போகும்படி விட்டுவைப்பது குற்றத்துக்குச் சமானம். டம்ப் எடுங்கள் என்று சொல்கிற நான், அதே மூச்சில் அதைப் பூட்டிவையுங்கள் என்றும் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்: வடிகட்டி, குறியாக்கம் செய்து, எவர் திறந்தார் என்ற பதிவோடு, ஆராய்ந்து முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

'சர்வர் டவுன்' என்ற இரண்டு சொற்கள் இன்று தமிழ்நாட்டின் எந்த ஊர்க் கவுன்ட்டரிலும் கேட்கக் கிடைப்பவை. அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கெர்னல் விழுந்து கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. கம்பி அறுந்திருக்கலாம், மின்சாரம் தடுமாறியிருக்கலாம், தூரத்திலுள்ள தரவு மையத்தில் நெருக்கடி இருந்திருக்கலாம். ஆனால் எந்தத் தடவை எது என்று பிரித்துச் சொல்லப் பதிவு வேண்டும். பதிவு இல்லாத இடத்தில் எல்லாக் காரணங்களும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன; பிழையான இயக்கியைக் கொடுத்த நிறுவனமும், பழுதான நினைவக அட்டையை விற்றவரும், மின்சாரத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

காரணம் கண்டுபிடிக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பினால் உலகெங்கும் விண்டோஸ் யந்திரங்கள் நீலத்திரை காட்டி விழுந்தன. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் அவை 85 லட்சம். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் விழுந்த யந்திரங்கள் டம்ப்புகளை விட்டுச் சென்றிருந்தன. எந்த இயக்கி, எந்தக் கட்டளையில், செல்லாத எந்த முகவரியைப் படிக்கப் போனது என்று மைக்ரோசாஃப்ட் அந்த டம்ப்புகளிலிருந்தே எடுத்து வெளிப்படையாகக் காட்டியது. 21 புலங்களை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே கொடுக்கப்பட்டதுதான் மூலகாரணம் என்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமே அடுத்த மாதம் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. 85 லட்சம் யந்திரங்கள் விழுந்ததற்குக் காரணம் ஓர் எண்ணிக்கைப் பிசகு என்று சில வாரங்களில் உலகுக்குத் தெரிந்தது. நம் ஊர் அலுவலகத்தில் வாரம் இருமுறை விழுகிற ஒற்றை யந்திரம் ஏன் விழுகிறது என்பது ஆண்டுக்கணக்கில் தெரியாமல் இருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள், கூட்டுறவு வங்கிகள் ஆகியவற்றுக்கு யந்திரம் வாங்குகிற ஒப்பந்தப்புள்ளியில், கெர்னல் விழுந்தால் டம்ப் எடுக்கும் ஏற்பாடு இயங்கும் நிலையில் இருக்க வேண்டும், அதற்கான நினைவகம் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். இருக்கிறது என்று வாயால் சொல்வதை ஏற்கக் கூடாது. கெர்னலை வேண்டுமென்றே விழச் செய்கிற ஒரு கட்டளை லினக்ஸிலேயே இருக்கிறது. யந்திரத்தைப் பொறுப்பேற்கும் நாளில் பொதுமக்கள் வருவதற்கு முன்னால் அதை ஒருமுறை கொடுத்துப் பார்த்து, டம்ப் கோப்பு வந்து விழுந்ததைக் கண்ணால் கண்ட பிறகே ரசீதில் கையெழுத்திட வேண்டும். சென்னை சி-டாக் நிலையத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸை வைத்திருக்கும் அலுவலகங்கள்கூட இதற்குத் தனியாக உரிமத்தொகை எதுவும் கட்ட வேண்டியதில்லை.

அடுத்து, டம்ப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்த வித்தை அபூர்வமானது என்ற எண்ணம் தவறு. விழுந்த கெர்னலின் குறியீட்டுப் பட்டியலையும் டம்ப்பையும் ஒன்றாக வைத்துத் திறந்து, எந்தச் சார்பிலிருந்து எந்தச் சார்பு அழைக்கப்பட்டு எங்கே நின்றது என்று பின்னோக்கி நடந்து பார்ப்பதற்கான கருவிகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டியது பொறுமையும், சி மொழி அறிவும், பழக்கமும். இந்த மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை; ஒவ்வொரு ஆண்டும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் இயங்குதளப் பாடத்தைப் படித்துத் தேர்ச்சி பெறுகிறார்கள், ஒரு கெர்னல் விழுந்த இடத்தை ஒருமுறைகூடக் கண்ணால் பாராமல். அரசு கொடுத்த மடிக்கணினியில் ஒரு மெய்நிகர் யந்திரத்தை அமைத்து, அதை விழச் செய்து, டம்ப்பைத் திறந்து, காரணத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவதை ஆய்வகப் பாடமாக வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, கல்வி கற்றவர்கள் சுற்றுக் கிராமங்களின் நோயையும் கிணற்றையும் கழிவுநீரையும் தங்கள் படிப்பின் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கமாக இருந்தது. இன்று அந்தக் கிராமத்தாருடைய ரேஷன் அரிசியும் முதியோர் உதவித்தொகையும் பட்டாவும் யந்திரங்களின் வழியாக வருகின்றன. அந்த யந்திரங்களின் நோயையும் மாணவர்கள் அறிந்துகொள்ளட்டும். விதிப்படி வடிகட்டிய டம்ப்புகளை வாங்கி ஆராய்ந்து, இன்ன யந்திரம் இன்ன காரணத்தால் விழுந்தது என்று அலுவலகத்துக்கும் பொதுமக்களுக்கும் எழுதித் தரும் ஒரு சிறிய பிரிவை மாவட்ட நிர்வாகமும் இங்குள்ள கல்வி நிலையங்களும் சேர்ந்து நடத்தலாம்.

அலுவலகத் தலைவர்களாக இருக்கும் வாசகர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. உங்கள் சர்வரின் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காகிதம் அடுத்த முறை மேசைக்கு வரும்போது, கையெழுத்திடுவதற்கு முன், சென்ற ஓராண்டில் இந்த யந்திரம் எத்தனை தடவை விழுந்தது, ஒவ்வொரு தடவையும் எடுத்த டம்ப் எங்கே இருக்கிறது, அதில் என்ன கண்டீர்கள் என்று அந்த நிறுவனத்தாரிடம் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை காகிதத்தை மேசையிலேயே வைத்திருங்கள்.